நாயின் நோய் எதிர்ப்புச் செல்களை அடையாளம் காணுதல்: இரத்தப் பூச்சு முதல் மேற்பரப்புக் குறியீடுகள் வரை

நலமாக இருக்கும் வளர்ந்த நாயின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 6,000 முதல் 17,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். இந்த எண்ணிக்கையைத் தானியங்கிக் கருவி ஓரிரு நிமிடங்களில் தந்துவிடும். ஆனால் அவற்றுள் எது எந்த வகை, இளம் செல்லா முதிர்ந்த செல்லா, நோயால் உருமாறியதா, குழாயில் நெடுநேரம் கிடந்ததால் சிதைந்ததா என்பவற்றை இன்றும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பொறுமையாகப் பார்ப்பவரே நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. கால்நடை மருத்துவ மாணவர்களையும் ஆய்வகப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த வழிகாட்டி ஒரே ஒரு கொள்கையைப் பின்பற்றுகிறது: எந்தச் செல்லுக்கும் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கக் கூடாது. அளவு, உட்கருவின் வடிவம், உட்கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ-புரதத் திரளான குரோமாட்டினின் அடர்த்தி, சைட்டோபிளாசத்தின் நிறம், துகள்கள் ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் பார்த்து முடித்த பின்னரே பெயரைச் சொல்ல வேண்டும்.

முதல் படி: பூச்சைத் தயாரித்தல்

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ கலந்த குழாயில் எடுத்த இரத்தத்தைக் கூடுமானவரை ஒரு மணி நேரத்துக்குள் ஸ்லைடில் இழுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் மோனோசைட், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகைகளில் வெற்றிடக் குமிழ்கள் தோன்றும்; உட்கருக்கள் உப்பும் அல்லது சுருங்கும்; பார்ப்பவர் அதைக் கடும் தொற்றின் அறிகுறி என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. இரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், குழாயோடு உடனே இழுத்து உலர்த்திய இரண்டு ஸ்லைடுகளையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

குழாயை மெதுவாகப் பலமுறை சாய்த்துக் கலந்த பின், சிறு துளியை ஸ்லைடின் ஒரு முனையருகே வைத்து, மற்றொரு ஸ்லைடை 30 முதல் 45 பாகைச் சாய்வில் பிடித்துப் பின்னோக்கித் தொட்டு, துளி விளிம்பெங்கும் பரவியதும் ஒரே சீராக முன்னோக்கித் தள்ள வேண்டும். கட்டைவிரல் வடிவில் தொடங்கி இறகு போல மெலிந்து முடியும் பூச்சே நல்ல பூச்சு. இரத்தசோகை உள்ள நாயின் இரத்தம் நீர்த்திருப்பதால் சாய்வைச் சற்றுக் கூட்டினால்தான் பூச்சு ஸ்லைடின் முனையைத் தாண்டி ஓடாமல் நிற்கும். இழுத்தவுடன் காற்றில் விரைவாக உலர்த்த வேண்டும். மெல்ல உலரும் செல்கள் சுருங்கி, உள்ளமைப்பைக் காட்டாமல் இருண்டு போகும். நிறமூட்டாத ஸ்லைடுகளை ஃபார்மலின் புட்டிகளுக்கு அருகே வைக்கவே கூடாது. மூடியிருக்கும் பெட்டிக்குள் புகும் ஃபார்மலின் ஆவிகூட, இரத்தப் பூச்சுக்குப் பயன்படும் ரோமனோவ்ஸ்கி வகைச் சாயங்களைச் சரியாகப் பற்றவிடாமல் செய்து, பூச்சு முழுவதையும் நீலப் பச்சையாக மங்கடித்துவிடும்.

லீஷ்மன், ரைட்-ஜீம்சா ஆகிய சாயங்களும், சில நிமிடங்களில் முடியும் விரைவுச் சாயங்களும் ரோமனோவ்ஸ்கி குடும்பத்தைச் சேர்ந்தவையே. டிஎன்ஏ, ஆர்என்ஏ போன்ற அமிலத் தன்மையுள்ள பொருள்கள் காரச் சாயத்தை ஈர்த்து நீலமாகவோ ஊதாவாகவோ தெரிகின்றன. காரத் தன்மையுள்ள புரதங்கள் ஈயோசின் என்ற அமிலச் சாயத்தை ஈர்த்து இளஞ்சிவப்பாகின்றன. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்னால் வரும் நிற வேறுபாடுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு செல்லின் சைட்டோபிளாசம் அடர் நீலமாக இருந்தால் அதில் ரைபோசோம்கள் நிறைந்துள்ளன, அதாவது அது புரதம் தயாரிப்பதில் மும்முரமாக இருக்கிறது அல்லது இன்னும் முதிரவில்லை என்று பொருள்.

இரண்டாம் படி: பார்க்கும் இடமும் அளவுகோலும்

முதலில் 10 மடங்கு லென்சில் பூச்சு முழுவதையும், குறிப்பாக மெலிந்த இறகு விளிம்பையும் ஒருமுறை சுற்றி வர வேண்டும். பெரிய செல்கள் இழுபட்டு அந்த விளிம்பில்தான் சேரும். துகள்கள் நிறைந்த திசுச் செல்களான மாஸ்ட் செல்களும், முதிராத லிம்ஃபோசைட்டுகளான பெரிய லிம்ஃபோபிளாஸ்ட்களும் அங்கேயே முதலில் கண்ணில் படும். ஆனால் வகை பிரிப்பதை அங்கே செய்யக் கூடாது. அதற்கு விளிம்பிலிருந்து சற்று உள்ளே, சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே நிற்கும் ஒற்றை அடுக்குப் பகுதியைத் தேர்ந்து, 100 மடங்கு எண்ணெய் லென்சுக்கு மாற வேண்டும். தடித்த பகுதியில் வெள்ளணுக்கள் விரிய இடமில்லாமல் உருண்டு நிற்பதால் மோனோசைட்டும் லிம்ஃபோசைட்டும் ஒன்று போலத் தோன்றும்.

அளவுகோல் ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் இருக்கிறது. நாயின் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். சிறிய லிம்ஃபோசைட் அதைவிடச் சற்றே பெரியது. நியூட்ரோஃபில் அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். மோனோசைட் இரு மடங்கு அல்லது அதற்கும் மேல். சாயத்தின் தரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், அதே பூச்சில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு முதிர்ந்த நியூட்ரோஃபிலைத் தேடிப் பிடித்து, அதன் உட்கரு எவ்வளவு இருண்டிருக்கிறது, சைட்டோபிளாசம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகே மற்றவற்றை மதிப்பிடத் தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: நியூட்ரோஃபில்

நாயின் இரத்தத்தில் பெரும்பான்மை இதுவே. இயல்பில் மைக்ரோலிட்டருக்கு 3,000 முதல் 11,500 வரை. முதிர்ந்த செல்லின் உட்கரு பல மடல்களாகப் பிரிந்து, இறுகித் திரண்ட அடர் ஊதா குரோமாட்டினோடு இருக்கும். சைட்டோபிளாசம் நிறமற்றோ மிக வெளிறிய இளஞ்சிவப்பாகவோ காணப்படும். உள்ளே துகள்கள் இருந்தாலும் அவை சாயம் ஏற்பதில்லை. பெண் நாய்களில் சில உட்கருக்களில் முரசுக்கோல் போன்ற சிறு புடைப்பு ஒன்று ஒட்டியிருப்பது இயல்பே. அது செயலற்ற எக்ஸ் குரோமோசோம்.

கவனமாகப் பிரிக்க வேண்டியது முதிராத பட்டை நியூட்ரோஃபிலை. அதன் உட்கரு குதிரை லாடம் போலவோ வளைந்த நாடா போலவோ, இரு பக்கங்களும் ஏறக்குறைய இணையாக ஓடும். உட்கருவின் மிகக் குறுகிய இடம், மிக அகன்ற இடத்தின் பாதிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால் அதை மடல் பிரிந்த செல்லாகவும், அவ்வளவு சுருங்காவிட்டால் பட்டை செல்லாகவும் கொள்ளலாம். ஓர் ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே வரையறையைப் பின்பற்றினால்தான் இன்றைய எண்ணிக்கையை நாளைய எண்ணிக்கையோடு ஒப்பிட முடியும். மைக்ரோலிட்டருக்கு 300 வரை பட்டை செல்கள் இருப்பதில் தவறில்லை. அதற்கு மேல் ஏறினால், எலும்பு மச்சை தன் சேமிப்பிலிருந்து இளம் செல்களையும் வெளியே அனுப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். பட்டை செல்கள் முதிர்ந்தவற்றையே விஞ்சிவிட்டால் நிலைமை கவலைக்குரியது.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. பெல்கர்-ஹூயெட் என்ற பரம்பரை இயல்பு கொண்ட நாய்களில், குறிப்பாக ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனத்தில், நியூட்ரோஃபில்களின் உட்கரு மடல் பிரியாமலேயே முதிர்ந்துவிடும். வடிவத்தை மட்டும் பார்ப்பவர் கடும் தொற்று என்று எழுதிவிடுவார். குரோமாட்டினைப் பார்ப்பவரோ அது இறுகித் திரண்டிருப்பதையும், சைட்டோபிளாசம் தெளிவாக இருப்பதையும், நாய் நலமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்துத் தவறைத் தவிர்ப்பார்.

நச்சு மாற்றங்கள் என்பவை எலும்பு மச்சையில் செல் அவசரமாக உருவாக்கப்பட்டதன் தடயங்கள். சைட்டோபிளாசம் நீலம் பூசியதாகும். நுரை போன்ற குமிழ்கள் தோன்றும். டோலி உடல்கள் எனப்படும் சாம்பல் நீலத் திட்டுகள் தென்படும். நாயில் இவற்றைக் கண்டால் எவ்வளவு மிகுந்துள்ளன என்பதையும் குறித்து எழுத வேண்டும். ஊதா நிற நச்சுத் துகள்கள் நாயில் அரிது.

உட்பொருள்களைத் தேடவும் இதுவே தருணம். அனாபிளாஸ்மா ஃபேகோசைட்டோஃபிலம், எர்லிக்கியா யூவிங்கி ஆகிய பாக்டீரியாக்கள் நியூட்ரோஃபிலுக்குள் முசுக்கட்டைப் பழம் போன்ற சிறு கொத்தாகத் தெரியும். ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் உடல் நீள்வட்ட மாத்திரை போல நியூட்ரோஃபிலுக்குள் படுத்து உட்கருவை ஓரமாகத் தள்ளியிருக்கும். டிஸ்டெம்பர் வைரசின் உட்பொருள்கள் வெள்ளணுக்களிலும் சிவப்பணுக்களிலும் வரக்கூடும். விரைவுச் சாயத்தில் அவை செந்நிறமாகப் பளிச்சிடும், ரைட் சாயத்தில் வெளிறிய நீலமாகி எளிதில் தப்பிவிடும்.

நான்காம் படி: ஈசினோஃபிலும் பேசோஃபிலும்

நாயின் ஈசினோஃபில் நியூட்ரோஃபிலைவிடச் சற்றுப் பெரியது. உட்கரு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மடல்களோடு நிற்கும். உருண்டையான இளஞ்சிவப்பு, ஆரஞ்சுத் துகள்கள் ஒரே செல்லுக்குள்ளும் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருப்பது நாய்க்கே உரிய இயல்பு. பூனையில் அவை மெல்லிய குச்சிகள் போல இருக்கும். சில செல்களில் துகள்கள் நிறைந்து வழியும், வேறு சிலவற்றில் நாலைந்து மட்டுமே இருக்கும். இடையே தெரியும் சைட்டோபிளாசம் வெளிறிய நீலம்.

கிரேஹவுண்டின் ஈசினோஃபில்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நன்கு பயின்றவர்களும் தடுமாறும் இடம் இதுதான். இந்த இனத்திலும் இதைப் போன்ற வேட்டை நாய் இனங்களிலும், துகள்கள் ஈயோசின் சாயத்தை ஏற்காமல் வெறும் துளைகளாகத் தோன்றலாம். பயிற்சிக் காலத்தில் எனக்கு வந்த அத்தகைய ஒரு பூச்சில், சாம்பல் நிறச் சைட்டோபிளாசமும் குமிழ்களும் கொண்ட செல்களை எல்லாம் நச்சு மாற்றமடைந்த நியூட்ரோஃபில்கள் என்று எண்ணி எழுதினேன். காய்ச்சலோ சோர்வோ இல்லாத நாய்க்கு இப்படி ஒரு முடிவு வருவது பொருந்தவில்லை என்று மூத்தவர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது, மீண்டும் லென்சின் கீழ் வைத்துப் பார்த்தேன். குமிழ்கள் நுரை போல ஒழுங்கற்று இல்லாமல், தெளிவான வட்ட விளிம்போடு தனித்தனியாக இருந்தன. அருகில் இருந்த உண்மையான நியூட்ரோஃபில்களின் சைட்டோபிளாசமோ பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. நச்சு மாற்றம் உண்மையாக இருந்தால் நியூட்ரோஃபில்கள் பலவற்றிலும் அதன் சாயல் தெரிய வேண்டும். சில செல்களில் மட்டும் வட்டத் துளைகள், மற்றவற்றில் ஒன்றுமே இல்லை என்றால் அவை ஈசினோஃபில்களாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் உடனே எழ வேண்டும். நாயின் இனத்தை விண்ணப்பப் படிவத்தில் எழுதும்படி நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

பேசோஃபில் மிக அரிது. நூறு செல்களை எண்ணினால் ஒன்றுகூட வராமல் போவது வழக்கம். நீண்டு முறுக்கிய நாடா போன்ற உட்கருவும், சாம்பல் ஊதாச் சைட்டோபிளாசத்தில் அங்கங்கே சிதறிய சில கருஊதாத் துகள்களும் அதன் அடையாளம். மனித இரத்தப் படங்களில் காண்பது போலத் துகள்கள் உட்கருவை மறைக்கும் அளவுக்கு நிறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர் நாயின் பேசோஃபிலை மோனோசைட் என்று எண்ணிக் கடந்துவிடுவார். இதற்கு நேர்மாறாக, உருண்டையான உட்கருவும் திணிந்த ஊதாத் துகள்களும் இருந்தால் அது மாஸ்ட் செல். இரத்தத்தில் மாஸ்ட் செல்லைக் கண்டவுடன் புற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடும் குடல் அழற்சி போன்ற நிலைகளிலும் அவை இரத்தத்தில் வருகின்றன. விரைவுச் சாயத்தில் மாஸ்ட் செல்லின் துகள்கள் சில வேளை நிறம் பெறாமலே போவதும் உண்டு. ஐயம் இருந்தால் மற்றொரு ஸ்லைடை டொலுயிடின் நீலத்திலோ ரைட்-ஜீம்சாவிலோ நிறமூட்டிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: மோனோசைட்டும் லிம்ஃபோசைட்டும்

மோனோசைட்டின் உட்கரு எந்த வடிவத்தையும் எடுக்கும்: அவரை விதை, லாடம், மூவிலை, ஒழுங்கற்ற மடிப்பு. நாயில் அது பட்டை போல வளைந்து முனைகளில் குமிழ் போலப் புடைத்து நிற்பது வழக்கமாதலால், நச்சு மாற்றமுள்ள பட்டை நியூட்ரோஃபிலோடு குழப்பிக்கொள்ள நேரும். இங்கே வடிவம் கைகொடுக்காது, குரோமாட்டினே தீர்ப்பளிக்கும். மோனோசைட்டின் குரோமாட்டின் பின்னல் துணி போலத் தளர்ந்து, இடையிடையே வெளிச்சம் தெரியும். பட்டை நியூட்ரோஃபிலின் குரோமாட்டின் கட்டி கட்டியாக இறுகியிருக்கும். மோனோசைட்டின் சாம்பல் நீலச் சைட்டோபிளாசம் அகன்றிருக்கும். கூரான விளிம்புள்ள குமிழ்கள் காணலாம். எர்லிக்கியா கேனிஸின் கொத்துகளைத் தேட வேண்டியது இந்தச் செல்லில்தான், ஆனால் அவை அரிதாகவே அகப்படும். தேடிக் கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

திசுவுக்குள் நுழையும் மோனோசைட்டே மேக்ரோஃபேஜாக மாறுகிறது. சைட்டோபிளாசத்தில் விழுங்கப்பட்ட சிவப்பணு, பாக்டீரியா, நிறமிகள் முதலியவை தெரிந்தால் அடையாளம் எளிது.

சிறிய லிம்ஃபோசைட்டில் உருண்டையான, ஒரு பக்கம் சற்றே குழிந்த இருண்ட உட்கரு செல் முழுவதையும் அடைத்துக்கொள்ள, வெளிறிய நீலச் சைட்டோபிளாசம் ஓரத்தில் பிறைபோல மட்டுமே எஞ்சும். இயல்பு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1,000 முதல் 4,800 வரை. குட்டிகளில் அதிகமாக இருக்கும். சிலவற்றில் உட்கருவின் குழிவருகே செந்நிறத் துகள்கள் கூடியிருக்கும். இவை துகள் லிம்ஃபோசைட்டுகள். சைட்டோடாக்சிக் டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் இத்தோற்றம் கொண்டவை. நாள்பட்ட எர்லிக்கியா தொற்றில் இவை பெருகி, இரத்தப் புற்றோ என்று ஐயுறும்படி செய்வதுண்டு. தூண்டப்பட்ட லிம்ஃபோசைட் பெரிதாகி, அடர் நீலச் சைட்டோபிளாசத்தோடு, உட்கருவின் அருகே வெளிறிய வளையம் ஒன்றைக் காட்டும். தடுப்பூசிக்குப் பின் இவை சில தென்படுவது எதிர்பார்க்கத்தக்கதே. அந்த வழியிலேயே பி செல் மேலும் சென்று பிளாஸ்மா செல்லாகிறது: ஓரம் ஒதுங்கிய உருண்டை உட்கரு, கடிகார முகத்தில் எண்கள் அமைந்தது போன்ற குரோமாட்டின் கட்டிகள், கோல்கை அமைப்பு இருக்கும் இடத்தில் வெளிறிய திட்டு.

லிம்ஃபோசைட்டைப் பார்த்து அது டி செல்லா பி செல்லா என்று வடிவத்தால் சொல்ல முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

ஆறாம் படி: எண்ணுதல்

ஒற்றை அடுக்கில் வளைந்து வளைந்து நகர்ந்து குறைந்தது 100 வெள்ளணுக்களை எண்ண வேண்டும். வழியில் கண்ட உட்கருவுள்ள சிவப்பணுக்களைத் தனியாகக் குறிக்க வேண்டும், ஏனெனில் கருவி அவற்றையும் வெள்ளணுக்களாக எண்ணியிருக்கக்கூடும். கருவி 24,000 என்று காட்டி, 100 வெள்ளணுக்களுக்கு 20 உட்கருவுள்ள சிவப்பணுக்கள் இருந்தால், 24,000-ஐ 100-ஆல் பெருக்கி 120-ஆல் வகுக்க, உண்மையான எண்ணிக்கை 20,000 என்று கிடைக்கும். அதில் நியூட்ரோஃபில் 86, மோனோசைட் 10, லிம்ஃபோசைட் 4 விழுக்காடு என்றால், முறையே 17,200, 2,000, 800 என எழுத வேண்டும். நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் ஏறி, லிம்ஃபோசைட் இறங்கி, ஈசினோஃபில் மறைந்த இந்தக் கோலம் கார்ட்டிசால் மிகுதியை, அதாவது நோயின் அழுத்தத்தையோ ஸ்டீராய்டு மருந்தையோ சுட்டுகிறது.

விழுக்காட்டை மட்டும் பார்ப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். மொத்தம் 30,000 உள்ள நாயில் லிம்ஃபோசைட் 10 விழுக்காடு என்றால் குறைவு போலத் தோன்றும். எண்ணிக்கையிலோ அது 3,000, முற்றிலும் இயல்பு.

ஏழாம் படி: நிணநீர் முடிச்சைப் பார்த்தல்

இரத்தத்தில் காண்பது வழிப்போக்கர்களைத்தான். லிம்ஃபோசைட்டுகளின் உறைவிடம் நிணநீர் முடிச்சும் மண்ணீரலும். முடிச்சின் புறப்பகுதியில் உள்ள நுண்பைகளில் பி செல்களும், அதற்கு உட்புறத்தில் டி செல்களும், நடுவே உள்ள வடங்களில் பிளாஸ்மா செல்களும் குடியிருக்கின்றன. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும்போது, எல்லா முடிச்சுகளும் வீங்கியிருந்தால் தாடைக்கு அடியிலுள்ள முடிச்சைத் தவிர்த்துத் தோள்முன் முடிச்சையோ முழங்காலின் பின்னுள்ள முடிச்சையோ தேர்வது நல்லது, ஏனெனில் வாயின் பற்களிலும் ஈறுகளிலும் உள்ள அழற்சியால் தாடைக்கு அடியிலுள்ள முடிச்சு எப்போதுமே ஓரளவு தூண்டப்பட்டிருக்கும். இயல்பான முடிச்சில் மிகப் பெரும்பான்மை சிறிய லிம்ஃபோசைட்டுகளே. உட்கரு இரண்டு சிவப்பணுக்களின் அகலத்தை எட்டும் பெரிய செல்கள் பாதிக்கு மேல் இருந்தால் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) என்ற ஐயம் வலுப்பெறும். ஊசி மாதிரியை அழுத்தித் தேய்த்துப் பரப்பக் கூடாது. லிம்ஃபோசைட்டுகள் மென்மையானவை, உடைந்து ஊதாக் கோடுகளாக இழுபட்டுவிடும்.

எட்டாம் படி: மேற்பரப்புக் குறியீடுகள்

வடிவத்தால் பிரிக்க முடியாததை, செல்லின் மேலும் உள்ளும் இருக்கும் புரதங்களால் பிரிக்கலாம். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்த ஹைப்ரிடோமா முறையால் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது. 1990-களின் தொடக்கத்தில் நாயின் வெள்ளணுக்களுக்கான எதிர்ப்பொருள்களைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஒப்பிட்டு வகைப்படுத்தின. ஒளிரும் சாயம் இணைத்த இத்தகைய எதிர்ப்பொருள்களைச் செல்களோடு கலந்து, ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு அளப்பதே ஃப்ளோ சைட்டோமெட்ரி.

அடிப்படைக் குறியீடுகள் சிலவே. ‘சிடி’ என்பது வெள்ளணுப் புரதங்களுக்கு எண்ணிட்டு வைத்த பெயர். சிடி45 ஏறக்குறைய எல்லா வெள்ளணுக்களிலும் உண்டு. சிடி3, சிடி5 இரண்டும் டி செல்லைக் காட்டும். அவற்றோடு சிடி4 இருந்தால் உதவி டி செல், சிடி8 இருந்தால் சைட்டோடாக்சிக் டி செல். சிடி21, செல்லுக்குள் உள்ள சிடி79ஏ, உட்கருவில் உள்ள பேக்ஸ்5 ஆகியவை பி செல்லுக்கு உரியவை. சிடி14 மோனோசைட்டைக் காட்டும். சிடி34 முதிராத முன்னோடிச் செல்லைக் காட்டுவதால், இரத்தத்தில் அது பெருகினால் கடும் இரத்தப் புற்றை நினைக்க வேண்டும்.

மனித நோய் எதிர்ப்பியலைக் கற்று இங்கே வருபவர் இரண்டு இடங்களில் தவறிவிடுவார். முதலாவது, நாயின் நியூட்ரோஃபில்கள் தம் மேற்பரப்பில் சிடி4-ஐத் தாங்குகின்றன. மனித நியூட்ரோஃபில்களுக்கு அந்த வழக்கம் இல்லை. அளவாலும் துகள் தன்மையாலும் லிம்ஃபோசைட் கூட்டத்தை முதலில் தனியாகப் பிரிக்காமல் சிடி4 உள்ள செல்களை எல்லாம் எண்ணினால், உதவி டி செல்களின் எண்ணிக்கை பொய்யாக வீங்கும். சிடி3 அல்லது சிடி5-ஐயும் சேர்த்துச் சாயமிடுவது இந்தப் பிழையை அடைத்துவிடும். இரண்டாவது, மனிதரின் ஓய்வுநிலை டி செல்களில் காணப்படாத இரண்டாம் வகுப்பு எம்எச்சி மூலக்கூறு (அந்நியப் பொருளின் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் புரதம்), நாயில் தூண்டப்படாத டி செல்களிலும் இயல்பாகவே உண்டு. எனவே அதைத் தூண்டலின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

ஒரு குறியீடு இல்லாமையும் செய்தி சொல்லும். டி மண்டல லிம்ஃபோமா என்ற மெதுவாக வளரும் புற்றில், செல்கள் சிடி5-ஐ வைத்துக்கொண்டு, எல்லா வெள்ளணுக்களிலும் இருக்க வேண்டிய சிடி45-ஐ இழந்துவிடுகின்றன. பூச்சில் இவை சிறிய, சாதுவான லிம்ஃபோசைட்டுகளாகவே தெரிவதால் கண்ணுக்கு மட்டும் விட்டால் பிடிபடாது.

எந்தச் சோதனைக்கு எந்த மாதிரி என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள செல்கள் தேவை. ஈடிடிஏ இரத்தத்தையோ, உரிய திரவத்தில் கலந்த முடிச்சு மாதிரியையோ குளிர்ச்சியாக, உறையாமல், விரைவில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் சிடி3, சிடி79ஏ, பேக்ஸ்5 ஆகியவற்றைக் காண முடியும். நாயின் சிடி4, சிடி8 ஆகியவற்றுக்கான வழக்கமான எதிர்ப்பொருள்களோ உறைய வைத்த புதிய திசுவையே கேட்கின்றன. பெருகியிருக்கும் லிம்ஃபோசைட்டுகள் ஒரே தாய்ச்செல்லின் வாரிசுகளா என்று அறிய ஏற்பி மரபணுக்களைப் பிசிஆர் முறையில் பெருக்கிப் பார்க்கும் சோதனைக்கு, நிறமூட்டிய பழைய ஸ்லைடிலிருந்து சுரண்டி எடுத்த செல்களே பல வேளைகளில் போதும். ஆகவே கண்ணுக்கு ஐயம் தந்த எந்த ஸ்லைடையும், நாயின் வயது, இனம், மாதிரி எடுத்த நாளும் நேரமும் எழுதி, எண்ணெயைத் துடைத்து, நிறமூட்டாத துணை ஸ்லைடு ஒன்றோடு சேர்த்து ஃபார்மலினுக்கு எட்டாத பெட்டியில் பாதுகாத்து வைக்க வேண்டும்.